பெண் செடியில் ஆண் பூ

"ஆண் செடியா இருந்தா கேஸ் நிக்காதாமே அக்கா" என்றாள் ஜாஸ்மின்.

நஞ்சம்மாளின் கை நின்றுவிட்டது. இடது கையில் பாகற்கொடியின் பெண் பூ. வலது கையில் இதழைக் கிள்ளி எறிந்த ஆண் பூ. வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவின் மஞ்சள் தூளைப் பெண் பூவின் வாயில் தடவி, காம்பில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். மாரண்டஹள்ளி பக்கம் விதைக் கம்பெனிக்குப் பயிர் வைக்கும் தோட்டங்களில் இதற்குக் கிராஸிங் வேலை என்று பேர். பதினோரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. மொட்டைத் தொட்டுப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவாள்.

"யார் சொன்னா?"

"எங்க மாமா. காரிமங்கலம் சந்தையில ஒரு ஆளப் பாத்தாராம். அந்தாளு இதே கஞ்சா கேஸ்ல உள்ள இருந்துட்டு வந்தவன். 'பொட்டச் செடியிலதான் சரக்கு. ஆண் செடி வெறும் தழை, அதுக்கெல்லாம் தண்டனை இல்ல'ன்னு சொன்னானாம்."

"நெஜமாவா?"

"எனக்கென்ன தெரியும்? ஆம்பளைன்னா எந்தக் கேஸும் நிக்காதுன்னு நமக்குத் தெரிஞ்சதுதானே. செடிக்கும் அதே சட்டம் போல."

ஜாஸ்மின் சிரித்தாள். நஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அவள் மகன் மாதேஷ் சேலம் ஜெயிலுக்குப் போய் ஒன்பது மாசம் ஆகிறது. மார்கழி மாசம் போலீஸ் வந்து, அவர்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நின்ற மூன்று செடிகளைப் பிடுங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜாமீனே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவள் சேலம் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

"ஜாஸ்மினு, அதுல ஆண் பூ இருந்துச்சுடி."

"எதுல?"

"அந்தச் செடியில. நான் என் கண்ணால பாத்தேன்."

அவள் பார்த்தது உண்மைதான்.

மாதேஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தான். காண்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். "சோறு வேணுமாடா?" என்றால் போர்வையை இழுத்துக்கொள்வான். "டாக்டர்கிட்டப் போலாமாடா?" என்றால் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வான். ஆடி மாசம் ஒருநாள் தானே எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனான்.

"என்னடா அது?"

"மருந்துச் செடிம்மா. ஓசூர்ல ரூம்ல இருந்த பையன் விதை குடுத்தான்."

"எதுக்கு மருந்து?"

"எல்லாத்துக்கும்தான்." எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் பல் தெரியச் சிரித்தான். "நான் இல்லாதப்போ நீ கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா. காயவுட்டுடாத."

ஊற்றினாள். அந்தச் செடி வந்த பிறகுதான் அவன் காலையில் எழுந்து குளித்தான். கடைக்குப் போனான். "குழம்புல உப்பு கம்மி" என்று குறை சொன்னான். குறை சொல்லக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

கார்த்திகையில் செடி ஆள் உயரம் வந்து மணம் வீசியது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் சென்னப்பன் சாகிற வரைக்கும் அவன் சட்டையைத் துவைத்தவள் அவள். வாளியும் கையுமாக அங்கேயே நின்றாள். பிடுங்கி ஓடையில் எறிந்திருக்கலாம். எறிந்தால் அவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள்.

அப்புறம் தினமும் பூவைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது, கண் அப்படிப் பழகிவிட்டது. நுனியெல்லாம் நெருக்கமாய்த் திரண்டு, வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டிருந்தது பெண் பூ. ஆனால் மோட்டார் ரூம் பல்புக்கு நேராக நின்ற செடியில், ஒரு கிளையில், கொத்துக்கொத்தாய்ச் சின்ன மணி மாதிரித் தொங்கியது வேறே பூ. உள்ளங்கையில் தட்டினாள். மஞ்சள் தூள் கொட்டியது. அது ஆண் பூ. பெண் செடியில் எப்படி இது என்று அவளுக்கு ஆச்சரியம். யாரிடமும் கேட்க முடியாத ஆச்சரியம்.

இப்போது கேட்டாள்.

விதைக் கம்பெனியின் சூப்பர்வைசர் பிரபாகர் விவசாயம் படித்தவர். கொடிகளைப் பார்த்துவிட்டுப் பைக் பக்கம் வந்தவரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரு செடி ஆணா பொண்ணாங்கறது எதுல இருக்குதுங்க? விதையிலயா, நாம வளக்கறதுலயா?"

"என்னக்கா திடீர்னு பரீட்சை வைக்கறீங்க?"

"சொல்லுங்க சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்தச் செடியக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியுதுக்கா. அது விதையிலயே எழுதியிருக்கும். நம்ம பாகல்ல ஒரே கொடியில ரெண்டு பூவும் வரும். அது அப்படி இல்ல. ஆண் தனி, பெண் தனி."

"அப்ப ஒரே செடியில ரெண்டும் பாத்தா?"

"போன வருஷம் வெள்ளரியில பாத்தீங்களே. எல்லாம் பெண் பூ மட்டும் பூக்கற ரகம். கோடி வரிசைக்கு மட்டும் மருந்து அடிச்சோம். என்ன ஆச்சு?"

"ஆண் பூ வந்துச்சுங்க."

"விதை மாறிடுச்சா?"

"இல்லீங்க."

"அவ்வளவுதான். விதை அதேதான். மருந்து அடிச்சாலும் மாறும், தண்ணி காஞ்சாலும் மாறும், சூடு தாங்கலன்னாலும் மாறும். ராத்திரியில இருட்டா இருக்க வேண்டிய எடத்துல வெளிச்சம் பட்டாக்கூட அந்தச் செடி பயந்துக்கும். செத்துருவோமோன்னு பயந்து, ஆண் பூவத் தானே விட்டு, தனக்குத்தானே விதை வச்சுக்கப் பாக்கும்."

நஞ்சம்மாளுக்குப் பல்பு ஞாபகம் வந்தது. மோட்டார் ரூம் பல்பு விடிய விடிய எரியும். அவள்தான் போட்டு வைப்பாள். ஓடைப் பக்கம் யானை இறங்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் என்று.

"அப்ப அது பொறப்புல பொண்ணா, ஆணா சார்?"

"பொறப்புல பொண்ணுதான்க்கா. நீங்க பாத்தது பயத்துல வந்தது."

"கோர்ட்டுல எதை எடுத்துக்குவாங்க? பொறப்பையா, பயத்தையா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா" என்றார் பிரபாகர். "வக்கீலக் கேளுங்க."

அவளுக்கு இன்னொன்றும் கேட்க வேண்டும்போல் இருந்தது. 'அப்பன் ரத்தம், எங்கே போகும்' என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். 'நல்ல பையன், ஓசூர் கூட்டாளிங்க கெடுத்துட்டானுங்க' என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். இவர் படித்தவர், இவருக்குத் தெரிந்திருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கொடிக்குத் திரும்பினாள்.

தர்மபுரியில் வக்கீல் நிர்மலாவைப் பார்க்கப் போனாள். கோர்ட் கொடுத்த இலவச வக்கீல். சின்ன வயசு. ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே பேசினாள்.

"உக்காருங்கம்மா. நல்லாக் கேட்டுக்கோங்க. கேஸ் நமக்குச் சாதகமாத்தான் இருக்கு. செடி புடிச்ச எடம் உங்க பட்டா இல்ல, ஓடைப் புறம்போக்கு. மாதேஷ் செடி வச்சதப் பாத்தேன்னு சொன்ன ரெண்டு சாட்சியும் கோர்ட்டுல மாத்திச் சொல்லிட்டாங்க. அவனுக்கும் செடிக்கும் சம்பந்தம்னு காட்ட போலீஸ்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க வந்து ரெண்டே வார்த்தை. 'அது பொறம்போக்கு, யார் வேணா போவாங்க. அங்க செடி இருந்ததே எனக்குத் தெரியாது.' முடிஞ்சுது."

"மேடம், அந்தச் செடி ஆணா பொண்ணான்னு…"

"ரிப்போர்ட்ல பெண் பூ நுனின்னு வந்திருக்கு. அதெல்லாம் நமக்கு வேணாம்."

"ஆண் பூவும் இருந்துச்சுங்க மேடம். நான் கிராஸிங் வேலை செய்யறவ, எனக்கு…"

"அம்மா!" நிர்மலா டப்பாவைக் கீழே வைத்தாள். "நீங்க செடியப் பாக்கவே இல்ல. பாக்காத செடியில என்ன பூ இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? புரியுதா?"

"புரியுதுங்க."

"என்ன சொல்லுவீங்க?"

"பொறம்போக்குங்க. எனக்குத் தெரியாதுங்க."

"அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில்."

புரிந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது மனசு வேறு வழியில் போனது. இந்தப் பெண் படித்தவள், சட்டம் தெரிந்தவள். பூவைப் பற்றி என்ன தெரியும்? ரிப்போர்ட் எழுதியவர்கள் காய்ந்த சருகைத்தானே பார்த்தார்கள்? உயிரோடு பூத்து நின்றதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கேஸில் யாருக்கும் தெரியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று நினைத்தபோது, ஒன்பது மாசத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சாட்சி சொல்லும் நாளில் தொப்பூர் மலையில் லாரி கவிழ்ந்து பஸ் ஒரு மணி நேரம் நின்றது. சேலத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். கோர்ட்டுக்குள் மாதேஷ் இரண்டு போலீஸுக்கு நடுவில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான்.

நிர்மலா கேட்டாள், இவள் சொன்னாள். புறம்போக்குங்க. ஆடு மாடு ஓட்டறவங்க எல்லாம் போவாங்க. செடி இருந்தது எனக்குத் தெரியாதுங்க. எல்லாம் சரியாக வந்தது. நிர்மலா உட்கார்ந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். வயசானவர். கோபமே இல்லாத குரல்.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"கிராஸிங் வேலைங்க."

"அப்படின்னா? ஐயாவுக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க."

"பாகல், வெள்ளரி, பீர்க்கன் இதுக்கெல்லாம் ஆண் பூவ எடுத்துப் பெண் பூவுல தடவறதுங்க. விதைக்கு."

"எத்தன வருஷமா?"

"பதினோரு வருஷம்ங்க."

"பெரிய கை தேர்ந்த வேலைதான். நம்மளுக்கெல்லாம் பூவுன்னா பூவு." ஜட்ஜ் ஐயாகூட லேசாகச் சிரித்தார். அரசு வக்கீல் ஒரு காகிதத்தை எடுத்தார். "புடிச்சது மூணு செடி. மூணும் பெண் செடின்னு ரிப்போர்ட். தானா மொளைச்சிருந்தா பாதிக்குப் பாதி ஆண் இருக்கணும். ஒரு ஆண்கூட இல்ல. கஞ்சா வளக்கறவன் ஆண் செடியத் தேடிப் புடுங்கி எறிவான், அப்பத்தான் சரக்கு தரமா வரும். ஆனா அதக் கண்டுபுடிக்கப் பூ தெரிஞ்ச ஆள் வேணும். அந்த ஊர்ல அது தெரிஞ்ச கை உங்க கைதானம்மா? ஆணைப் புடுங்கி எறிஞ்சது நீங்கதானே?"

"அப்ஜெக்ஷன்" என்று நிர்மலா எழுந்தாள்.

"நான் புடுங்கலீங்க!" நஞ்சம்மாளின் குரல் அவளுக்கே அந்நியமாய்க் கேட்டது. "அதுல ஆண் பூ இருந்துச்சுங்க!"

"இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க ஐயா. பொய்யில்லீங்க. பல்புக்கு நேரா நின்ன செடியில ஒரு கிளை முழுக்க ஆண் பூங்க. இப்படித் தொங்குச்சு" என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள். "கையில தட்டினேன், மஞ்சத்தூள் கொட்டுச்சு. வெளிச்சத்துக்குப் பயந்துக்கிட்டா அந்தச் செடி அப்படித்தான் விடுமாங்க. ரிப்போர்ட் எழுதினவங்க காஞ்சதைப் பாத்துட்டு எழுதியிருப்பாங்க. நான் தெனம் பாத்தவளுங்க."

சொல்லி முடித்தாள். டைப் அடிக்கிற பெண் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். நிர்மலா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"தெனம் பாத்தீங்க" என்றார் அரசு வக்கீல், அதே குரலில். "எதுக்குத் தெனம் போனீங்க?"

அவள் நிர்மலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தவா?"

"நான்தாங்க ஊத்தினேன். எல்லாம் நான்தாங்க. நான்தான் வச்சேன். என்னைப் புடிச்சுக்கோங்க, அவன வுட்டுடுங்க."

"விதை எங்க வாங்கினீங்க?"

நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். ஒரு ஊர்ப் பேர், ஒரு ஆள் பேர், எதுவும் வரவில்லை. பொய் சொல்லவும் பழக்கம் வேண்டும்.

"என்ன செடின்னு நெனச்சு வச்சீங்க?"

"மருந்துச் செடின்னு…"

"யார் சொன்னது, மருந்துச் செடின்னு?"

அவளை அறியாமல் அவள் கண் மாதேஷ் பக்கம் போனது. உடனே இழுத்துக்கொண்டாள். அரசு வக்கீல் அதைப் பார்த்துவிட்டார்.

"போதும்மா" என்று உட்கார்ந்தார்.

மாதேஷ் தலை குனிந்து கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

வராந்தாவில் நிர்மலா வேகமாக நடந்தாள். இவள் பின்னாலேயே ஓடினாள்.

"மேடம். மேடம், ஆண் பூன்னு சொன்னது நல்லதுதானுங்களே? ஆண் செடின்னா கேஸ் நிக்காதுன்னு சொன்னாங்க…"

நிர்மலா நின்றாள்.

"யாரு சொன்னா?"

"சந்தையில ஒரு ஆளு…"

"சந்தையில." நிர்மலாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்திருக்கும். கத்தவில்லை. "அம்மா, வளத்ததுக்குத்தான் கேஸ். சட்டத்துல செடின்னுதான் இருக்கு. ஆண் செடின்னும் இல்ல, பொண் செடின்னும் இல்ல. செடி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீங்க செடியப் பாக்கவே இல்லன்னு சொன்னேனே. அதுக்கு மேல என்னம்மா சொல்லணும்?" சொன்னவள் தானே குரலைத் தாழ்த்தினாள். "நானும் உக்கார வச்சு சொல்லியிருக்கணும். நேரம் இல்ல. நேரம் இருந்ததே இல்ல."

"என்னையும் கேஸ்ல சேத்துக்கச் சொல்லுங்க மேடம். அவன்கூட நானும் போறேன்."

"சேக்காம விட்டாங்கன்னா அதுவே பெருசு. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா அவன யாரு போய்ப் பாக்கறது?"

தீர்ப்பு ஐப்பசியில் வந்தது. தாயின் வாக்குமூலத்தில் இருந்தே எதிரியான மாதேஷுக்கும் செடிக்கும் உள்ள தொடர்பு தெளிவாகிறது என்று வாசித்தார்கள். மகனைக் காப்பாற்றத் தன்மேல் பழி போட்டுக்கொண்டதை நம்புவதற்கில்லை என்றார்கள். செடி ஆணா பெண்ணா என்ற கேள்வி இந்த வழக்குக்கு அவசியமற்றது என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஏழு வருஷம்.

போலீஸ் வேனில் ஏற்றுவதற்கு முன் அவன் பக்கத்தில் போய் நிற்க விட்டார்கள்.

"மாதேசு…"

"ஏம்மா சொன்ன?"

"நீ வெளிய வந்துடுவேன்னு நெனச்சுதான்டா."

"நீ பேசாம இருந்திருந்தா வந்திருப்பேன்."

"தெரியலடா கண்ணு."

"உனக்குத் தெரிஞ்சதே அந்த ஒண்ணுதான்" என்றான் மாதேஷ். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஓசூரில் இருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோது இருந்த குரல் அது. "அதை அங்க வந்து சொல்லிட்டுப் போயிட்ட."

"அப்பீல் போடலாம்னு மேடம் சொல்றாங்க."

"போடுங்க."

"சாப்பிடறியா உள்ள?"

அவன் வேனில் ஏறிவிட்டான்.

ஜெயிலில் அவனைப் பார்க்க அவள் எழுதிக் கொடுத்த முதல் மனுவுக்கு அவன் வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் சத்தத்துக்கு நடுவில் நின்று, அவள் கேட்டதுக்கெல்லாம் "ம்" என்றான். ஜாஸ்மின் கேட்டதாகச் சொன்னாள். "ம்." பிரபாகர் சார் விசாரித்ததாகச் சொன்னாள். "ம்." நேரம் முடிவதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டான்.

இரண்டாவது தடவை அவள் முறுக்கும் வேட்டியும் கொண்டுபோய் வரிசையில் நின்றாள். பேர் கூப்பிடவே இல்லை. பின்னால் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். வார்டரிடம் போய்க் கேட்டாள்.

"மாதேஷ்னு, சென்னப்பன் மகன்ங்க. மனு குடுத்திருந்தேன்."

"உள்ள சொல்லியாச்சும்மா. வர மாட்டேங்கறான்."

"ஒடம்பு சரியில்லீங்களா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"யாரு வந்திருக்கான்னு சொன்னீங்களா? அம்மான்னு சொன்னீங்களா?"

"சொன்னதாலதான்மா வர மாட்டேங்கறான்."

சொன்ன பிறகு வார்டருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கொஞ்ச நாள் போகட்டும். எல்லாரும் மொதல்ல இப்படித்தான் இருப்பாங்க" என்றார்.

"எத்தன நாளுங்க?"

"அது ஆளைப் பொறுத்ததும்மா."

மூன்றாவது தடவையும் வரவில்லை. நான்காவது தடவை வார்டர் மனுவை வாங்காமலே அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்வளவு தூரம் வந்து… போன் பண்ணிக் கேட்டுட்டு வரலாமில்ல?"

"நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்கய்யா."

"சொல்றேன்."

"அடுத்த வாரமும் வருவேன்னு சொல்லுங்க."

"வேணாம்மா" என்றார் அவர். "அவன் பேரு சொல்லி அம்மா வந்திருக்காங்கன்னு நாங்க கூப்பிட்டா, அன்னிக்குப் பூரா அவன் சாப்பிட மாட்டேங்கறான்."

நஞ்சம்மாள் மனுக் காகிதத்தை நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாப்பிடட்டும் என்று நினைத்தாள். ஜெயில் கேட்டுக்கு வெளியே வந்து, தர்மபுரி பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்திருந்தும், எதிரே வந்த ஒருவரிடம் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பக்கமாக நடந்தாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை.